வயிற்றுத் தழும்பு வேறு, கர்ப்பப்பைத் தழும்பு வேறு



"ஏன் மிஸ்ஸி, எனக்குக் குறுக்கேதான் வெட்டியிருக்காங்க. அப்போ அடுத்த பிள்ளை நார்மலா பொறந்துடும்ல?"

கிளினிக்கில் கர்ப்பிணிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. மிஸ்ஸி பதில் சொல்ல வாயைத் திறக்குமுன், பக்கத்தில் துணைக்கு வந்த அம்மா ஒருவர் தீர்ப்பே சொல்லிவிடுவார்: "குறுக்கே வெட்டினா பயமே இல்லை. நெடுக்கே வெட்டினாத்தான் மறுபடியும் கத்தி!"

அந்த அம்மா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மீதிப் பாதி தெரியாததால் ஒரு தாயின் உயிரே ஆபத்துக்குள்ளாகலாம். ஆகவே இந்த மாதம் நம் பகுதியில் சிசேரியன் அறுவையை எப்படி எப்படியெல்லாம் செய்கிறார்கள், எந்த முறையால் நமக்கு என்ன நன்மை, என்ன கெடுதல் என்பதைப் பார்ப்போம். ஆண்களும் படியுங்கள். நடுராத்திரியில் வண்டிக்கு ஓடப்போவது நீங்கள்தானே!

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சிசேரியனில் கத்தி இரண்டு இடத்தில் படுகிறது. ஒன்று, வெளியே தெரியும் வயிற்றுத் தோல். இன்னொன்று, உள்ளே குழந்தை இருக்கும் கர்ப்பப்பை. வெளியே போட்ட வெட்டும் உள்ளே போட்ட வெட்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தோலில் குறுக்கே அழகாக வெட்டிவிட்டு, உள்ளே கர்ப்பப்பையை நெடுக்கே வெட்ட வேண்டிய நிலைமை டாக்டருக்கு வரலாம். தோலில் தொப்புளுக்குக் கீழே நெட்டாக வெட்டி, கர்ப்பப்பையைக் குறுக்கே வெட்டியவர்களும் உண்டு. கண்ணாடி முன்னால் நின்று எத்தனை நேரம் பார்த்தாலும் உள்தழும்பு தெரியாது. அடுத்த பிரசவத்தைத் தீர்மானிப்பதோ அந்த உள்தழும்புதான்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கத்தி பட்டையில் எந்த இடத்தில், எத்தனை ஆழம் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிதானமாக வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வழவழப்பாக வளரும். ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் ஆறும். மறுபடி அங்கே கத்தி வைக்க முடியாது. பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கமெல்லாம் இப்போது செம்பனைதான். ஆனாலும் வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

கர்ப்பப்பையும் அப்படித்தான். அதன் மேல்பகுதி தடித்த தசை. பிரசவ வலியின்போது சுருங்கிச் சுருங்கிக் குழந்தையைக் கீழே தள்ளுவது இந்தப் பகுதிதான். இங்கே வெட்டினால் ரத்தம் அதிகம் போகும். தையல் போட்ட பிறகும் அந்தத் தசை சும்மா இருப்பதில்லை. சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். அதனால் காயம் உறுதியாகக் கூடுவதில்லை. கீழ்ப்பகுதி அப்படியல்ல. கடைசி மாதங்களில் அது மெலிந்து, நீண்டு, சவ்வு மாதிரி ஆகிவிடுகிறது. வலியின்போது அது வேலை செய்வதில்லை, இழுபட்டுக் கொடுக்கிறது. அங்கே குறுக்கே வெட்டினால் ரத்தச் சேதம் குறைவு, காயமும் நன்றாகக் கூடும்.

இந்தச் சின்ன உண்மையைக் கண்டுபிடிக்க மனித குலத்துக்கு எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா? ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் வயிற்றைக் கிழித்துப் பிறந்தார், அதனால்தான் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். அவருடைய தாயார் மகன் பெரியவனான பிறகும் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்தால் தாய் பிழைக்க மாட்டாள். இறந்துபோன தாயின் வயிற்றிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற மட்டுமே அப்படிச் செய்தார்கள்.

வெகுகாலம் கர்ப்பப்பைக்குத் தையலே போடமாட்டார்கள். அது தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நம்பினார்கள். தாய்மார்கள் ரத்தம் போயும் சீழ் பிடித்தும் இறந்தார்கள். 1876-ல் இத்தாலியில் போர்ரோ என்ற டாக்டர், குழந்தையை எடுத்ததும் கர்ப்பப்பையையே வெட்டி எடுத்துவிடும் முறையைக் கொண்டுவந்தார். உயிர் தப்பினால் போதும் என்ற நிலைமை! 1882-ல் ஜெர்மனியில் மாக்ஸ் ஸாங்கர் என்பவர்தான் கர்ப்பப்பைக்குத் தையல் போட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்தி வழிகாட்டினார். அதற்குப் பிறகுதான் தாயும் பிழைத்து, கர்ப்பப்பையும் மிஞ்சியது.

அப்போதும் மேல்பகுதியில், நெடுக்காகத்தான் வெட்டினார்கள். இதைப் பழைய முறை என்று சொல்வோம். டாக்டர்கள் 'கிளாசிக்கல்' என்பார்கள். ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் மன்ரோ கெர் என்பவர், கீழ்ப்பகுதியில் குறுக்கே வெட்டுவதே நல்லது என்று 1920-களில் விடாமல் எடுத்துச் சொன்னார். மற்ற டாக்டர்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மெள்ள மெள்ள அது உலகம் முழுதும் பரவியது. இன்று மலேசியாவிலும் இந்தியாவிலும் பெரும்பாலான சிசேரியன்கள் இந்த முறையில்தான் நடக்கின்றன.

இனி வெளித்தோல் வெட்டுக்கு வருவோம். நம் பாட்டிமார் காலத்தில் தொப்புளுக்குக் கீழிருந்து நெட்டாக வெட்டுவதே வழக்கம். சீக்கிரம் உள்ளே போய்விடலாம், இடமும் தாராளமாகக் கிடைக்கும். கெடுதலும் உண்டு. இருமினால், சிரித்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். பிற்காலத்தில் தழும்பு விட்டுக்கொடுத்துக் குடல் பிதுங்கும் 'ஹெர்னியா' வரும் வாய்ப்பும் இதில் அதிகம். குலை தூக்குகிறவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. இப்போது அவசரத்துக்கும் சில சிக்கலான நேரங்களுக்கும் மட்டும் இதைச் செய்கிறார்கள்.

குறுக்கே வெட்டுவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, ஜெர்மன் டாக்டர் ஃபானென்ஸ்டீல் 1900-ல் எழுதிவைத்த முறை. அடிவயிற்றில், மர்ம உறுப்பின் எலும்புக்குச் சற்று மேலே, சிரித்த வாய் மாதிரி வளைவாக வெட்டுவார்கள். உள்ளே ஒவ்வோர் அடுக்கையும் கத்தியாலும் கத்தரியாலும் பிரித்துக்கொண்டு போவார்கள். தழும்பு உள்ளாடைக்குள் மறைந்துவிடும். (பாவம், அந்த டாக்டர் ஓர் அறுவையின்போது விரலில் பட்ட காயத்தில் விஷம் ஏறி 1909-ல் இறந்துபோனார். கையுறையும் மருந்தும் இன்றைக்குப் போல் இல்லாத காலம்.)

இன்னொன்று ஜோயல்-கோஹன் முறை. வெட்டு வளையாமல் நேராக இருக்கும். முன்சொன்னதைவிட ஓர் அங்குலம் அளவுக்கு மேலே இருக்கும். தோலைக் கத்தியால் வெட்டியபின், உள்ளடுக்குகளை நடுவில் மட்டும் சிறிதாகத் திறந்து, மீதியை விரல்களால் இருபக்கமும் இழுத்தே பிரித்துவிடுவார்கள். "ஐயையோ, கையால கிழிக்கிறாங்களா!" என்று பதற வேண்டாம். ரத்தக்குழாயும் நரம்பும் இழுத்தால் விலகிக்கொடுக்கும். கத்தி பட்டால் அறுந்துவிடும். அதனால்தான் விரல். ஜெருசலம் நகரத்து மிஸ்காவ் லடாக் என்ற ஆஸ்பத்திரியில் டாக்டர் மைக்கேல் ஸ்டார்க் இதை அடிப்படையாக வைத்து, தையல்களையும் குறைத்து, சுருக்கமான ஒரு முறையை அமைத்தார். அந்த ஆஸ்பத்திரியின் பெயராலேயே அது 1990-களில் பல நாடுகளுக்கும் பரவியது.

எந்த முறையிலும் வயிற்றுத் தசையைப் பொதுவாக வெட்டுவதில்லை. நடுவிலே இரண்டு பக்கமும் விலக்கி வைக்கிறார்கள், அவ்வளவுதான். "தசையை அறுத்துட்டாங்க, இனிமே பலம் வராது" என்று யாராவது சொன்னால் தைரியமாக மறுத்துப் பேசுங்கள்.

இந்த இரண்டு குறுக்கு வெட்டில் எது மேல்? இதைப் பரீட்சை பண்ணிப் பார்த்தவர்களில் நம் தமிழ்நாட்டு வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்களும் உண்டு. வேலூர் என்றதும் ஒரு கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வடஆற்காடு, தென்னாற்காடு பக்கமிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் நிறைய உண்டே, அவர்களுக்குப் பிடிக்கும்.

1890-களில் திண்டிவனத்தில் ஓர் அமெரிக்கப் பாதிரி டாக்டர் இருந்தார். அவர் மகள் ஐடா ஸ்கடர் அப்போது இளம்பெண். ஒரே இரவில் மூன்று கணவன்மார் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். பிரசவத்தில் மனைவி துடிக்கிறாள், நீ வந்து பார் அம்மா என்று அந்தப் பெண்ணைக் கெஞ்சினார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார் வருவார்" என்றாள். ஆண் டாக்டர் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று தாய்மாரும் இறந்துவிட்ட செய்தி வந்தது. அந்தப் பெண் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-ல் திரும்பி வந்து வேலூரில் வைத்தியம் தொடங்கினார். அதுதான் பிற்பாடு அந்தப் பெரிய ஆஸ்பத்திரியாகவும் கல்லூரியாகவும் வளர்ந்தது.

அதே வேலூரில் 101 தாய்மார்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வளைந்த வெட்டும் மறு பிரிவுக்கு நேர் வெட்டும் போட்டு ஒப்பிட்டு, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். நேர் வெட்டு, அதாவது ஜோயல்-கோஹன் முறையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு அதன்பின் வலிமருந்து தேவைப்பட்டது குறைவு. வேறு நாடுகளில் செய்த சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள், காய்ச்சல் முதலிய தொந்தரவுகளும் அதில் குறைவு என்றே சொல்கிறார்கள். வலி குறைந்தால் தாய் சீக்கிரம் எழுந்து நடப்பாள், பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுப்பாள். ஆனால் பழகிய டாக்டரின் கையில் இரண்டுமே நல்ல முறைதான்.

தையல் விஷயத்துக்கு வாருங்கள். கர்ப்பப்பையை ஒரே வரிசையில் தைப்பதா, இரண்டு வரிசையா? தைக்கும்போது கர்ப்பப்பையை வெளியே எடுத்து வைத்துத் தைப்பதா, உள்ளே வைத்தே தைப்பதா? வயிற்றுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைத் தைப்பதா, அப்படியே விட்டுவிடுவதா? நூல், பழையபடி மிருகக் குடலிலிருந்து செய்ததா, புது ரசாயன நூலா? இதிலெல்லாம் டாக்டர்களுக்குள் பெரிய சண்டையே இருந்தது! கடைசியில் இந்தியா, பாகிஸ்தான், கானா, கென்யா, சூடான், அர்ஜெண்டினா, சிலி என்ற ஏழு நாடுகளில் ஏறத்தாழ 16,000 தாய்மார்களைச் சேர்த்து 'கொரோனிஸ்' என்ற பெயரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தினார்கள். 2013-ல் முடிவு வந்தது. கத்தியால் பிரித்தாலும் விரலால் பிரித்தாலும், ஒற்றைத் தையலோ இரட்டைத் தையலோ, எந்த நூலோ, ஆறு வாரத்துக்குள் தாய்க்கு வரும் பெரிய தொந்தரவுகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மூன்று வருஷம் கழித்து அதே தாய்மார்களைத் தேடிப்போய் விசாரித்து 2016-ல் வெளியிட்டார்கள். அப்போதும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இன்னும் பிள்ளை வேண்டும் என்கிறவர்களுக்கு இரட்டைத் தையலே நல்லது என்று நினைக்கும் டாக்டர்கள் இன்றும் உண்டு. கர்ப்பப்பை கிழிவது அபூர்வம் என்பதால், இத்தனை பேரைப் பார்த்தும் அந்த ஒரு கேள்வி முழுசாகத் தீரவில்லை. ஆனால் நான் சொல்வேன், நூலைப் பற்றியும் தையலைப் பற்றியும் நாம் கவலைப்பட வேண்டாம், அது டாக்டர் பாடு. கத்தி வைக்குமுன் கிருமிநாசினி மருந்து ஊசி போடுகிறார்களே, காயம் சீழ் பிடிக்காமல் இருக்க அதுவே பெரிய காவல். "என்னத்துக்கு இத்தனை ஊசி" என்று முகம் சுளிக்காதீர்கள்.

முதுகில் போடும் மயக்க ஊசியும் அப்படித்தான். "அந்த ஊசியாலதான் எனக்கு ஆயுசுக்கும் இடுப்பு வலி" என்பார்கள். ஊசியே போடாமல் பிரசவித்தவர்களுக்கும் இடுப்பு வலி வருகிறதே! பிள்ளையைச் சுமந்த இடுப்பு அது.

சரி, நாம் கவலைப்பட வேண்டியது எது?

உள்வெட்டுதான். கீழ்ப்பகுதியில் குறுக்கே வெட்டிய கர்ப்பப்பையோடு அடுத்த பிரசவத்துக்கு வலி எடுக்கும்போது, தழும்பு விட்டுக் கிழியும் ஆபத்து ஆயிரம் பேரில் ஐந்து முதல் ஒன்பது பேருக்கு. அதனால்தான் டாக்டர், "இந்தத் தடவை நார்மலுக்கு முயற்சி பண்ணலாம்" என்று சொல்கிறார். அப்படி முயற்சி செய்கிறவர்களில் நூற்றுக்கு அறுபது முதல் எண்பது பேர் சுகமாகவே பெற்றுவிடுகிறார்கள். ஆனால் பழைய முறையில் மேல்பகுதியில் நெடுக்கே வெட்டியிருந்தால், ஆபத்து நூறு பேரில் நான்கு முதல் ஒன்பது பேருக்கு! சில சமயம் வலி எடுக்குமுன்பே கிழிந்துவிடும். இவர்கள் அடுத்த முறை வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. டாக்டர் தேதி குறித்து, முன்கூட்டியே அறுவை செய்து எடுப்பார்.

இந்தக் காலத்திலும் ஏன் பழைய முறையில் வெட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். டாக்டரின் தவறு அல்ல. குழந்தை ஏழு மாதத்துக்கும் முன்னால் பிறக்க வேண்டியிருந்தால் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி இன்னும் உருவாகியே இருக்காது. குழந்தை குறுக்கே, முதுகு கீழ்ப்பக்கமாகப் படுத்திருந்தால் கைகாலைப் பிடித்து எடுக்க வழி இருக்காது. கீழ்ப்பகுதியில் பெரிய கட்டி இருக்கலாம். அந்த நேரத்தில் மேலே வெட்டுவதுதான் தாயையும் சேயையும் காக்கும். வெளித்தோலில் என்னவோ வழக்கம்போல் குறுக்கு வெட்டு இருக்கும். ஆறு மாதம் போனால் அந்தத் தாய்க்கே உள்ளே நடந்தது மறந்துபோகும், அல்லது யாரும் விளங்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம் வட்டாரத்துக்கு இது இன்னும் முக்கியம். தஞ்சோங் காராங்கிலும், சபாக் பெர்ணாமிலும், கோலகுபு பாருவிலும் அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் சிக்கலான பிரசவம் என்றால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா, சுங்கை பூலோ, செலாயாங் மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டிவரும். தோட்டத்து உள்ரோட்டில் லயத்து வீட்டிலிருந்து கிளம்பி மெயின் ரோடு சேரவே எத்தனை நிமிஷம் என்று நமக்குத் தெரியும். அங்கிருந்து முக்கால் மணி, ஒரு மணி நேரம். மழை பெய்து, முன்னால் குலை லாரி ஊர்ந்துகொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம். கர்ப்பப்பை கிழிந்தால் குழந்தைக்குக் கிடைப்பதோ சில நிமிஷங்கள். ஆகவே முன்பு சிசேரியன் ஆனவர்கள், உள்வெட்டு எதுவாக இருந்தாலும், வீட்டில் வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது. வலி லேசாகத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். வலிக்கும் வலிக்கும் நடுவே விட்டுவிடாமல் வயிறு வலித்துக்கொண்டே இருந்தால், பழைய தழும்பு இருக்கும் இடத்தில் சுரீரென்று வலித்தால், ரத்தம் பட்டால், குழந்தையின் துடிப்பு குறைந்தால், மயக்கம் வந்தால், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 999-ஐக் கூப்பிடுங்கள். மாமியார் வரட்டும், கஷாயம் வைக்கட்டும் என்று பார்க்காதீர்கள்.

இன்னோர் ஆபத்தும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. சிசேரியன் எண்ணிக்கை கூடக் கூட, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி அந்தப் பழைய தழும்பின் மேலேயே ஒட்டி, தசைக்குள் வேர்விட்ட மாதிரி பிடித்துக்கொள்ளலாம். பிரசவத்தின்போது அது பிரியாது. ரத்தம் ஆறாக ஓடும். அமெரிக்காவில் 2006-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கணக்கைப் பாருங்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்த தாய்மார்களில், முதல் சிசேரியனின்போது இப்படிப் பிடித்துக்கொண்டது நூற்றுக்கு 3 பேருக்கு. இரண்டாவது சிசேரியனில் 11 பேருக்கு. மூன்றாவதில் 40 பேருக்கு! ஆகவே முன்பு சிசேரியன் ஆனவர்கள், "ஸ்கேன் எடுக்க அவ்வளவு தூரம் போகணுமா, ஒருநாள் சம்பளம் போகுமே" என்று விட்டுவிடாதீர்கள். நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் பார்க்கும் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

"நல்ல நாள் பார்த்து, நல்ல நேரத்தில் ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்" என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கை அவர்களும் ஒருமுறை படிக்கட்டும்.

அடுத்த பிள்ளைக்கு இடைவெளியும் விடவேண்டும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவே ஒன்றரை வருஷம்கூட இல்லாவிட்டால் தழும்பு கிழியும் ஆபத்து கூடுகிறது. பிள்ளைக்கு இரண்டு வயது ஆனபிறகு அடுத்ததைப் பற்றி யோசிப்பது உத்தமம்.

வீட்டுக்கு வந்தபின் கவனம் பற்றிக் கொஞ்சம். காயத்தில் மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதையும் வைக்காதீர்கள். குளித்துவிட்டுச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, காயவிட்டால் போதும். வயிறு கட்டுவதானால் தளர்வாகக் கட்டுங்கள். சூடு கல்லைக் காயத்தின் மேல் வைக்க வேண்டாம். பூண்டும் மிளகும் போட்டு மருந்துக் குழம்பு சாப்பிடலாம், சுறாப்புட்டும் சாப்பிடலாம். ஆனால் பத்தியம் என்று சொல்லித் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள், பால் கொடுக்கிற உடம்பு அது. காயம் சிவந்து வீங்கினாலோ, நீர் வடிந்து நாறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே கிளினிக்குக்குப் போங்கள். ஆறு வாரத்துக்குப் பிள்ளையைவிட கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர் வாளியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வேலைக்குத் திரும்பும் விஷயத்தில் அவசரம் வேண்டாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தப்படி, 1.1.2023 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். முன்பு 60 நாளாக இருந்தது. நார்மலோ சிசேரியனோ, கணக்கு ஒன்றுதான். விடுப்புச் சம்பளம் கிடைக்க, பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். கடைசி நான்கு மாதத்தில் ஏதாவது ஒரு சமயம் வேலையில் இருந்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் பிள்ளைகள் ஐந்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். எதிர்பார்க்கும் பிரசவ தேதிக்கு முந்திய 60 நாட்களுக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். வாயால் சொன்னதோடு விடாதீர்கள், எழுத்தில் கொடுங்கள்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கே வருகிறேன். உங்கள் உள்தழும்பு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிளினிக்கில் கொடுத்த பிங்க் புத்தகத்தையும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தையும் எடுங்கள். அறுவையைப் பற்றி எழுதிய இடத்தில் எல், எஸ், சி, எஸ் என்று நான்கு ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கீழ்ப்பகுதியில் வெட்டிய சிசேரியன் என்று அர்த்தம். 'கிளாசிக்கல்' என்று எழுதியிருந்தாலோ, மேல்பகுதி என்று குறித்திருந்தாலோ, அது பழைய முறை வெட்டு. கீழ்ப்பகுதியில் குறுக்கே வெட்டத் தொடங்கி, இடம் போதாமல் மேல்நோக்கியும் வெட்டிய சம்பவங்களும் உண்டு, அதையும் எழுதியிருப்பார்கள். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள், அல்லது மிஸ்ஸியிடம் நீட்டி, "உள்ள எப்படி வெட்டியிருக்காங்க, அடுத்தது நான் நார்மலுக்கு முயற்சி பண்ணலாமா?" என்று கேளுங்கள். இதைக் கேட்க வெட்கமென்ன!

ஆஸ்பத்திரியிலேயே கேட்டுவிடுவது இன்னும் நல்லது. மயக்கத்தில் இருக்கும் தாயால் முடியாது. கணவனோ, அம்மாவோ கேட்கலாம். டாக்டர் காலையில் சுற்றி வரும் நேரத்தில் கேட்டு, அந்தக் காகிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

காகிதமே காணாமல் போனவர்கள் நிறையப் பேர். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்து, லயத்தைக் காலி செய்து தாமானுக்கோ அடுக்குமாடிக்கோ போனபோது மூட்டையில் எது போயிற்று, எது நின்றது என்று யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்ட ஒரு சகோதரியை நான் அறிவேன். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வேறோர் ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தது. தழும்பு குறுக்கே. இரண்டாவதை வயிற்றில் சுமந்து எட்டு மாதம் வரை, "எனக்குக் குறுக்கு வெட்டுதான்" என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாம் மாதக் குழந்தை என்றதும் கிளினிக் டாக்டருக்குச் சந்தேகம் தட்டி, பழைய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். உள்ளே வெட்டியது நெடுக்கே என்று பதில் வந்தது. தேதி குறித்து அறுவை செய்தார்கள். அந்தப் பிள்ளை இப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு.

நீங்களும் அப்படிக் கேட்கலாம். அறுவை நடந்த ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவில் அடையாளக் கார்டு நம்பரையும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் காட்டி விவரம் கேளுங்கள். அல்லது முதல் பரிசோதனைக்குப் போகும்போதே கிளினிக் டாக்டரிடம் சொல்லி, அவரையே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வர நாளாகலாம், ஆகவே மூன்றாம் நான்காம் மாதத்திலேயே தொடங்குங்கள். கிடைத்ததும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பிங்க் புத்தகத்துக்குள் வையுங்கள், இன்னொன்றைக் கணவரின் மோட்டார் சைக்கிள் கிராண்ட் வைத்திருக்கும் உறையிலேயே வையுங்கள். அது மட்டும் எங்கள் வீடுகளில் எப்போதும் தொலைவதில்லை!